டி.டி. ஊசி: சிலருக்கு அளவுக்கு மேல், சிலருக்கு அறவே இல்லை

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாக ஒரே கேள்விதான். கட்டட வேலையில் இருப்பதால் சின்னக் கீறல் பட்டாலும் டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டுவிடுகிறார்கள், நான்கு ஆண்டுகளுக்குள் நாலைந்து முறை போட்டாயிற்று, போன வாரம் போட்டதில் தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிவிட்டது, இப்படித் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வதால் கெடுதல் உண்டா என்பது. ஆனால் போகிற போக்கில் இன்னும் இரண்டு செய்திகளையும் எழுதியிருக்கிறீர்கள். 67 வயதான உங்கள் அப்பா நேற்று முன்தினம் வயலில் மண்வெட்டி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்டார், ‘ஒரு நாள் தாண்டிவிட்டது, இனி ஊசி போட்டுப் பயனில்லை’ என்று மருத்துவமனைக்கு வர மறுக்கிறார் என்பது ஒன்று. கர்ப்பமாக இருக்கும் உங்கள் மனைவிக்குப் போட்ட ஊசியில் டிப்தீரியா என்ற தொண்டை நோய்க்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று செவிலியர் சொன்னார், அது எதற்கு என்பது மற்றொன்று. என் பார்வையில் அவசரம் உங்கள் கையில் இல்லை, அப்பாவின் காலில்தான் இருக்கிறது. முதலில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கீழே எழுதியிருப்பதைத் திரும்பி வந்து படித்தால் போதும்.

நான் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பணியாற்றி ஓய்வு பெற்ற பொது மருத்துவன். தடுப்பூசி ஆராய்ச்சியாளன் அல்லன். எனவே நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய அளவில், எது உறுதி, எதில் வல்லுநர்களே ஒன்றுபடவில்லை என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும். ஒரு காயத்தைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டெட்டனஸ் என்கிற ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலும் தெருப் புழுதியிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் எங்கும் கிடக்கின்றன. கொதிக்கும் நீரையும் தாக்குப்பிடிக்கக்கூடியவை அவை. உலகத்திலிருந்து அவற்றை ஒழிக்க வழியே இல்லை. காற்றுப் படாத இடத்தில்தான் அவை முளைக்கும் என்பதால், அகலத் திறந்திருக்கும் சிராய்ப்பைவிட ஆழமாகக் குத்திய முள், ஆணி, நசுங்கிச் செத்துப்போன சதை, மண் புதைந்த வெட்டு ஆகியவையே ஆபத்தானவை. துருப்பிடித்த ஆணி என்றால் பயப்படுவதும் புது ஆணி என்றால் விட்டுவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. துருவுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை, ஆணியில் ஒட்டியிருக்கும் மண்ணுக்கும் குத்தின் ஆழத்துக்கும்தான் தொடர்பு. உள்ளே முளைத்த கிருமி வெளியிடும் நச்சு நரம்புகளின் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரச் செய்யும் சமிக்ஞைகளை அடைத்துவிடுகிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, கழுத்து விறைக்கிறது, விழுங்க முடிவதில்லை, பிறகு சிறு சத்தமோ வெளிச்சமோ பட்டால்கூட உடல் முழுவதும் வில்லாக வளைந்து இழுக்கிறது. நினைவு தவறுவதில்லை என்பதுதான் இந்த நோயின் கொடுமை. நோயாளி அத்தனை வலியையும் விழிப்போடு அனுபவிக்கிறார். நரம்பில் ஒட்டிக்கொண்ட நச்சை விலக்க எந்த மருந்தும் இல்லை. அது தானாகத் தணியும்வரை செயற்கை சுவாசத்தோடு பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பதுதான் சிகிச்சை. அப்படிப் பிழைத்து வந்தவருக்கும் இந்த நோய் மறுபடி வரலாம். உயிரை எடுக்கப் போதுமான நச்சுகூட உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கப் போதாத அளவுக்கு மிகச் சிறியது. ஊரில் எல்லோரும் ஊசி போட்டிருந்தால் போடாதவருக்கும் ஓரளவு காப்பு கிடைக்கும் என்ற கணக்கும் இங்கே செல்லாது, ஏனென்றால் இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை.

ஊசிக்குள் இருப்பது கிருமி அல்ல. கிருமியின் நச்சை ஃபார்மலின் கொண்டு கொல்லும் தன்மை இழக்கச் செய்து, அதன் உருவத்தை மட்டும் மிச்சம் வைத்த டாக்சாய்டு என்ற பொருள்தான். இந்த முறையை 1920களில் பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் ரமோன் டிப்தீரியா நச்சில் செய்து காட்டினார். அதைப் பார்த்து உடல் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. இங்கேதான் பெரும்பாலானோருக்குத் தெரியாத, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற செய்தி இருக்கிறது. வாழ்நாளில் முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவருக்கு அந்த முதல் தவணையால் ஏறக்குறைய எந்தக் காப்பும் கிடைப்பதில்லை. இரண்டாவது தவணை போட்டு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத்தான் நம்பத்தக்க காப்பு வருகிறது, மூன்றாவது தவணை அதைப் பல ஆண்டுகளுக்கு நிலைநிறுத்துகிறது. மாறாக, சிறு வயதிலேயே முறையாகப் போட்டு முடித்த உடலுக்கு, பல ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு ஊக்கத் தவணை கொடுத்தாலும் சில நாட்களிலேயே எதிர்ப்பாற்றல் மளமளவென்று ஏறுகிறது. ஆகவே காயம் பட்டவரிடம் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எதில் அடிபட்டது?’ என்பது மட்டுமல்ல. ‘வாழ்நாளில் மொத்தம் எத்தனை தவணை, கடைசியாக எப்போது?’ என்பதும்தான்.

உங்களை இந்தக் கேள்வியில் வைத்துப் பார்ப்போம். உங்களுக்கு 38 வயது, குழந்தையில் (டெட்டனஸும் அடங்கிய) முத்தடுப்பு ஊசியும் பள்ளியில் மறுபடியும் போட்ட நினைவிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால், சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசித் தவணை முடிந்து 10 ஆண்டுகள் ஆகியிருந்தால் மட்டும் ஒன்று போதும்; மண், சாணம், எச்சில் பட்ட காயம், ஆழமான குத்து, நசுங்கல், தீக்காயம் போன்றவற்றுக்கு 5 ஆண்டுகள் தாண்டியிருந்தால் ஒன்று போதும். அதற்குள் வருகிற எந்தக் காயத்துக்கும் இன்னொரு ஊசி தேவையில்லை. ‘ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்’ என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உலவுகிறது. முறையாகப் போட்டு முடித்தவர்களைப் பொறுத்தவரை அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நாலைந்து முறை போட்டதால் உங்கள் உறுப்புகளுக்குக் கேடு வந்திருக்கும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் கை வீங்கியதற்கு அதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு: இரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்புப் புரதம் நிறைந்திருக்கும்போது மேலும் டாக்சாய்டை ஏற்றினால், இரண்டும் ஊசி போட்ட இடத்திலேயே மோதி, சில மணி நேரத்தில் வலியும் சிவப்பும் பெரிய வீக்கமும் உண்டாகின்றன. ஆர்தஸ் எதிர்வினை என்பார்கள். உங்களுக்கு வந்தது அதுதான் என்று மருத்துவர் கருதினால், அடுத்த 10 ஆண்டுகளுக்கு, மண் பட்ட காயமே ஆனாலும், இந்த ஊசியைத் தவிர்ப்பதுதான் வழக்கம். அவசரப் பிரிவில் இருப்பவர்கள் மீதும் முழுப் பழியையும் போட முடியாது. கையில் சீட்டு இல்லாமல் வருபவர் ‘போட்ட மாதிரிதான் ஞாபகம்’ என்றால், போடாமல் விடுவதைவிடப் போட்டுவிடுவது பாதுகாப்பு என்றே நானும் முடிவெடுத்திருப்பேன்.

உங்கள் அப்பாவின் கதை வேறு. இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது, 1985இல்தான் அனைவருக்குமான திட்டமாக விரிந்தது. 1950களின் இறுதியில் கிராமத்தில் பிறந்த ஒருவருக்குக் குழந்தைப் பருவத்தில் முதன்மைத் தவணைகள் கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு. அதே வயதுப் பெண்களில் பலர் பிரசவக் காலத்திலாவது ஒன்றிரண்டு ஊசி போட்டிருப்பார்கள்; ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வயலில், மாட்டுக் கொட்டிலில், வெறுங்காலோடு உழைக்கிற, 60 வயது தாண்டிய ஆண்களே நம் ஊர்களில் காப்பு மிகக் குறைந்தவர்கள் என்பது என் கணிப்பு. எப்போதோ அடிபட்டபோது போட்ட ஒற்றை ஊசி இருந்தாலும், முன்னே சொன்னபடி, அது முதல் தவணை மட்டும்தான். இப்படிப்பட்டவருக்கு மண் புதைந்த காயம் பட்டால், தடுப்பூசியோடு மனித டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னோர் ஊசியும் தேவைப்படுகிறது. அது தயார் நிலையில் இருக்கும் எதிர்ப்புப் புரதம், வழக்கமாக 250 யூனிட், தடுப்பூசி போடாத வேறு தசையில் போடுவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை இடைப்பட்ட வாரங்களை அதுதான் காக்கிறது. சின்ன சுகாதார நிலையங்களில் அது இருப்பில் இல்லாமல் போகலாம் என்பதால், தாலுகா மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ நேராகப் போவது நல்லது. ‘இவருக்கு இதுவரை டி.டி. போட்டதாக நினைவில்லை’ என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், அவர்கள் கேட்கக் காத்திருக்க வேண்டாம்.

‘24 மணி நேரம் தாண்டினால் பயனில்லை’ என்பது சீக்கிரம் போக வேண்டும் என்பதற்காக யாரோ சொன்னது நாளடைவில் சட்டம்போல் ஆகிவிட்ட பேச்சு. நோய் பெரும்பாலும் காயம் பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் வெளிப்படுகிறது, சில சமயம் அதற்கும் பிந்தும். ஆகவே எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது உண்மை; இரண்டு நாள், ஐந்து நாள் ஆகிவிட்டதால் போடாமல் இருந்துவிடலாம் என்பது தவறு. ஊசிக்கும் முந்தியது காயத்தைச் சுத்தம் செய்வது. ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவி, உள்ளே இருக்கும் மண்ணையும் செத்த சதையையும் மருத்துவர் அகற்ற வேண்டும். காப்பித் தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், சாணம் எதையும் வைத்துக் கட்டக் கூடாது. சாணத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைவுபடுத்தினாலே போதும். மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை ஊசிக்கு மாற்று அல்ல. நாய், பூனை கடித்தவர்கள் டி.டி. போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். வெறிநாய்க்கடி நோயை டி.டி. எள்ளளவும் தடுக்காது, அதற்குத் தனித் தடுப்பூசித் தவணைகள் வேண்டும்.

அப்பாவுக்கு இன்று போடுவது தொடக்கம்தான். 4 வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்குள் மூன்றாவது. நடுவில் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காயம் ஆறியதும் யாரும் திரும்பி வருவதில்லை என்பதுதான் நான் கண்ட நடைமுறை. அந்த இரண்டாவது தவணைதான் அவருக்கு உண்மையான காப்பைத் தருவது என்பதால், அவரை நம்பாமல் தேதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிப்தீரியா. முன்பு போட்டுவந்தது டெட்டனஸ் டாக்சாய்டு மட்டும் கொண்ட ஊசி. உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே அதற்குப் பதில் டிப்தீரியாவும் சேர்ந்த ஊசியைப் பரிந்துரைத்தது, இந்தியா 2019 வாக்கில் மாறியது. ஆங்கில எழுத்தில் முன்னது TT, பின்னது Td என்றாலும், காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி ‘டி.டி.’ என்று கேட்பதால் பலருக்கு மாற்றம் நடந்ததே தெரியவில்லை. டிப்தீரியா என்பது தொண்டை அடைப்பான்: இருமலிலும் தும்மலிலும் பரவி, தொண்டையில் சாம்பல் நிறத் தோல்போலப் படர்ந்து மூச்சை அடைக்கும், அதன் நச்சு இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்கும். குழந்தையில் போட்ட ஊசியின் காப்பு வயது ஏற ஏறத் தேய்வதால், இந்த நோய் குழந்தைகளை விட்டுப் பெரியவர்களிடம் திரும்பக்கூடும். இது வெறும் ஊகமன்று. சோவியத் ஒன்றியம் சிதறிய 1990களில் அந்த நாடுகளில் 1,50,000க்கும் மேற்பட்டோருக்கு டிப்தீரியா வந்தது, சுமார் 5,000 பேர் இறந்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பங்கினர் வயது வந்தவர்கள். நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தின் மலப்புரத்தில் 2016இல், தடுப்பூசித் தவணைகளை முடிக்காத பிள்ளைகளிடையே அது தலைகாட்டி உயிர்களை எடுத்தது. பெரியவர்களுக்கான ஊசியில் டிப்தீரியா டாக்சாய்டின் அளவு குழந்தைகளுக்கானதைவிட மிகக் குறைவு. வயது வந்தவருக்கு முழு அளவு கொடுத்தால் கை வீக்கமும் காய்ச்சலும் மிகுதி. எனவே மனைவிக்குப் போட்டது கூடுதல் சுமை அல்ல. ஒரே குத்தில் இரண்டு காப்பு.

கர்ப்பிணிக்குப் போடுவது அவருக்காக மட்டுமல்ல. தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், பிறந்த முதல் வாரங்களில் தொப்புள் கொடிப் புண் வழியாக வரும் ரண ஜன்னியைத் தடுக்கிறது. 1988இல் உலகம் முழுவதும் இந்நோயால் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தாய்க்கு ஊசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து அந்த எண்ணிக்கையைக் கரைத்தன. 2015இல் இந்தியா தாய்–சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஒழிப்பு என்றால் எந்த மாவட்டத்திலும் 1,000 உயிருள்ள பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற அளவு, அறவே இல்லை என்று பொருளல்ல. கர்ப்பம் உறுதியானதும் முதல் தவணை, 4 வாரம் கழித்து இரண்டாவது; முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு 3 ஆண்டுகளுக்குள் மறுபடி கருவுற்றால் ஒரே ஊக்கத் தவணை. கருவுக்குத் தீங்கு செய்யும் என்ற பயம் வேண்டாம். பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பார்த்த ஊசி இது. கக்குவான் இருமலுக்கும் சேர்த்துக் காப்புத் தரும் மூன்று மருந்து ஊசியைத் தனியார் மருத்துவர்கள் 27 முதல் 36 வாரத்துக்குள் பரிந்துரைப்பதுண்டு. தனக்கான முதல் தவணையான 6 வாரம் வரும்வரை கக்குவானுக்குக் குழந்தை வெறுமனே இருக்கிறது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது; ஆனால் அது அரசின் இலவச அட்டவணையில் இல்லை, விலையும் கூடுதல். முடிந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், முடியாவிட்டால் அரசு போடும் இரண்டு தவணையே ரண ஜன்னிக்குப் போதுமானது.

இனி உறுதியில்லாத பகுதி. காயம் எதுவும் படாமலே பெரியவர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டுமா? அமெரிக்கா போட வேண்டும் என்கிறது. பிரிட்டன் வாழ்நாளில் 5 தவணை முடித்தவருக்கு வழக்கமான தவணைகள் தேவையில்லை, ஆபத்தான காயத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் குழந்தைப் பருவம் முதல் பதின்பருவம் வரை 6 தவணை முடித்தால் பெரும்பாலோருக்கு நீண்ட காலத்துக்குப் போதும் என்கிறது. நம் தேசிய அட்டவணை 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று போட்டு, அதற்குமேல் கர்ப்பிணிகளோடு நின்றுவிடுகிறது. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, டெட்டனஸ் எதிர்ப்புப் புரதம் பாதியாகக் குறைய சுமார் 11 ஆண்டுகளும் டிப்தீரியாவுக்குச் சுமார் 19 ஆண்டுகளும் ஆகும் என்று கணக்கிட்டது. 10 ஆண்டு என்பது தேவைக்கு மேல் எச்சரிக்கையான எல்லை என்று பலர் வாதிட அது இடம் கொடுத்தது. என் சொந்தக் கருத்து இதுதான்: குழந்தைத் தவணைகளுக்கு எழுத்தில் சான்று உள்ளவர் 10 ஆண்டு முடிந்த மறுநாளே ஓட வேண்டியதில்லை, மண்ணிலும் மாட்டிலும் வேலை செய்பவரும் சர்க்கரை நோயால் காலில் புண் உள்ளவரும் 10 ஆண்டுக் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. இது கருத்து மட்டுமே, விதி அல்ல.

பக்க விளைவுகளில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கையில் வலி, லேசான காய்ச்சல், உடல் அசதி இரண்டு மூன்று நாள் இருக்கும், பாராசிட்டமால் போதும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், குளிக்கலாம், உணவுப் பத்தியம் எதுவும் இல்லை. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஓரிருவர் என்ற அளவில் அரிதானது, வந்தால் பெரும்பாலும் உடனே வரும் என்பதால்தான் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். முன்பு இதே ஊசியால் அப்படி வந்தவர்கள் மறுபடி போடக் கூடாது. போட்ட 6 வாரத்துக்குள் கை கால் தளர்ந்துபோகும் கில்லன்–பாரே நோய் வந்தவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், தாய்ப்பால் ஊட்டுதல், எச்.ஐ.வி. எதுவும் தடையல்ல, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லி, ஊசிக்குப் பின் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் சரி. ‘டெஸ்ட் ஊசி போடாமல் போட்டுவிட்டார்கள்’ என்று பெரியவர்கள் குறைபடுவது, குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதமான குதிரைச் சீரம் போட்ட காலத்து நினைவு. டாக்சாய்டுக்கு அது தேவையில்லை. மருந்துக் கடையில் வாங்கி எடுத்துப்போகிறவர்கள் மட்டும் கவனிக்க: இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, உறைந்தால் வீரியம் போய்விடும். பனிக்கட்டியோடு ஒட்டவைத்துக் கொண்டுபோகக் கூடாது, ஃப்ரீசரில் வைத்ததைப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

உங்கள் கை வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துகொண்டு வந்தால் விட்டுவிடலாம். வடியாமல் சிவப்பு மேலும் பரவினாலோ, தொட்டால் கொதித்தாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம், நேரில் காட்ட வேண்டும். அப்போதே, கடைசியாகப் போட்ட தேதியையும் கை வீங்கியதையும் ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லி, அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேலையிடத்தில் கீறிக்கொண்டு போகும்போது ஊசி எடுக்கும் முன் அதைக் காட்டுங்கள். அப்பாவுக்குத் தாடை இறுகுவது, வாயைத் திறக்கச் சிரமம், கழுத்து விறைப்பு, விழுங்கக் கடினம் இவற்றில் எது தெரிந்தாலும், ஊசி போட்டாயிற்றே என்று காத்திருக்காமல், எந்த நேரமானாலும் 108ஐ அழைத்துச் செயற்கை சுவாச வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.